அம்மானின் கம்பிச் சில்லுகள்

பளபளப்பைக் கண்டு மயங்காதவர் இவ்வுலகில் மிகச் சிலரே. குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கி வைப்பதில் எமது வீட்டுப் பெண்கள் கொள்ளும் பெருமையையும், புதுச் சைக்கிளைத் துடைத்துத் துடைத்து அதிலே தம் முகத்தைத் தாமே பார்த்துக் கொள்ளும் மாணவரின் மகிழ்ச்சியையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம். நாமும் அவ்வாறு மயங்கியவர்தாம். அம்மயக்கத்தினால் ஒரு திருமணத்துக்கு முந்திய இரவிலே எமது குடும்பத்துக்கு நேரவிருந்த தீங்கையும், அது நேராமற் போனமைக்குக் காரணமான ஓர் ஓசையையும் பற்றி இன்று கூற விரும்புகின்றோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாம் வெளியிலே சொல்லாத செய்தி இது.

எமது அம்மான் மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலே இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் பணியில் இருந்தவர். எட்டாம் வகுப்புக்கு மேற் பள்ளிக்கூடம் போகாதவர். ஆயினும், ஓர் இயந்திரம் ஓடும் ஓசையைச் சற்று நேரம் நின்று கேட்டாராயின், அதன் எந்த உறுப்புக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவார். 1974ஆம் ஆண்டிலே அத்தோட்டத்துத் துரை வேலையை விட்டு இங்கிலாந்துக்குத் திரும்பியபோது, தம்மிடமிருந்த எம்.ஜி.ஏ. வகைக் காரை அம்மானுக்குக் குறைந்த விலைக்குக் கொடுத்துச் சென்றார். அது இருவர் மட்டுமே அமரக்கூடியது, கூரையோ துணியாலானது. பிள்ளைகுட்டிக்காரர் எவரும் அதனை விரும்பவில்லை. விலை குறைந்ததன் இரகசியம் அதுவே.

அக்கார் இங்கிலாந்திலே ஒக்ஸ்போர்ட் நகருக்கு அண்மையிலுள்ள அபிங்டன் என்னும் ஊரிற் பிறந்தது. 1955 முதல் 1962 வரை அவ்வகைக் கார்கள் ஓர் இலட்சத்துக்கு மேல் அங்கே செய்யப்பட்டன. அவற்றுட் பெரும்பாலானவை கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றன. பலவற்றுக்குத் தகட்டுச் சில்லுகளே பூட்டப்பட்டன. மேலதிக விலை கொடுத்தவர்க்குக் கம்பிச் சில்லுகள் கிடைத்தன. துரையிடமிருந்து அம்மான் வாங்கிய காருக்குக் கம்பிச் சில்லுகள், அவையும் குரோமியம் பூசப்பட்டவை. சில்லொன்றுக்கு 48 கம்பிகள். நடுவிலே இரண்டு காதுகள் கொண்ட பெரிய நட் ஒன்று. சில்லைக் கழற்றுவதற்குச் சாவியோ திருப்பியோ வேண்டியதில்லை. அக்காதின்மேற் செப்புச் சுத்தியலால் அடித்தால் நட் சுழன்று வெளியே வரும். காரின் இடப்பக்கத்து நட்டுகளுக்கு வலமரை, வலப்பக்கத்தவற்றுக்கு இடமரை. ஓட்டத்திலே நட் தளராது இறுகுவதற்காக அவ்வாறு அமைத்தனர். இதனை மாறிப் பூட்டுபவன் வழியிலே தன் சில்லு தனக்கு முன்னால் ஓடுவதைக் காண்பான் என்று அம்மான் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு.

1977ஆம் ஆண்டுக் கலவரத்தின்பின் அம்மானும் மாமியும் அக்காரிலேயே யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். அவர்கள் மலைநாட்டிலிருந்து கொண்டுவந்தவை இரண்டு பெட்டிகளும் ஒரு மரப்பெட்டி நிறையக் கருவிகளும் மாத்திரமே. எமது வீட்டுக்கு அடுத்த வளவிலே குடியிருந்த அம்மானை, ஞாயிறு காலைதோறும் அக்காரின் பக்கத்திலே பலகைக்கட்டை மேல் அமர்ந்தவராகவே எமது இளமை நினைவு காட்டுகின்றது. ஒரு சில்லுக்கு ஒரு மணி நேரம். ஏன் இவ்வளவு நேரம் என்று சிறு வயதில் நாம் கேட்டபோது, "நாற்பத்தெட்டுப் பேரையும் சுகம் விசாரிக்க வேண்டாமோ, தம்பி?" என்றார்.

அந்த நலம் விசாரிப்பின் பொருளைப் பின்னர்தான் உணர்ந்தோம். மாட்டு வண்டியின் சில்லைப் பாருங்கள். அதன் ஆரக்கால்கள் தடித்த மரத்தாலானவை. பாரம் கீழேயுள்ள ஆரக்காலின் மேல் தூணின்மேல் நிற்பதுபோல் நிற்கின்றது. மெல்லிய கம்பியின் மேல் அவ்வாறு எதனையும் நிறுத்த முடியாது, அது வளைந்துவிடும். கம்பி அறிந்த வேலை இழுத்துப் பிடித்தல் ஒன்றே. ஆகவே, கம்பிச் சில்லிலே எல்லாக் கம்பிகளையும் முன்கூட்டியே இறுக்கி வைக்கின்றனர். பாரம் ஏறும்போது நிலத்தை நோக்கியிருக்கும் கம்பிகளின் இறுக்கம் சற்றுக் குறைகின்றது. சில்லு உருண்டதும் மீண்டும் பழைய நிலையை அடைகின்றது. இத்தகைய சில்லைப் பற்றி ஜோர்ஜ் கேலி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1808ஆம் ஆண்டிலேயே சிந்தித்து எழுதினார். ஆகாயத்திற் பறக்கும் பொறியொன்றுக்குப் பாரமற்ற சில்லு தேடியபோது எழுந்த சிந்தனை அது. கம்பிகளை நடுக் குடத்திலிருந்து நேரே நீட்டாமல், ஒன்றையொன்று குறுக்கிட்டுச் சாய்வாகச் செல்லுமாறு அமைக்கும் முறைக்கு 1874இல் உரிமம் பெற்றவர் கொவென்ற்றி நகரத்து ஜேம்ஸ் ஸ்ரார்லி என்பவர். இன்று எமது மாணவர் ஏறிச் செல்லும் சைக்கிளின் சில்லும், அம்மானின் காரின் சில்லும் அவ்வகையால் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

அம்மானின் காருடைய சில்லு ஒரு மைல் தூரம் ஓடுவதற்குள் ஏறக்குறைய 800 தடவை சுழலும். அத்தனை தடவையும் ஒவ்வொரு கம்பியும் சற்றுத் தளர்ந்து மீண்டும் இறுகும். கம்பி எங்கே வளைந்து குடத்தினுட் செல்கின்றதோ அவ்விடமே அதன் உயிர்நிலை. அவ்விடத்திலே ஊசி முனையளவு துருக்குழி ஒன்று விழுந்தாற் போதும். அக்குழியிலிருந்து வெடிப்புத் தொடங்கும். அம்மான் துடைத்தது அழகுக்காக மட்டுமன்று என்பது இப்போது வாசகர்களுக்கு விளங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கடலுக்கோ கடல்நீரேரிக்கோ வெகு தொலைவிலுள்ள ஊர் என்று ஒன்று இல்லை. காற்றிலே உப்பு உண்டு. எமது கிணற்று நீரோ சுண்ணாம்புப் பாறையில் ஊறியது. துளி உலர்ந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். ஆகவே, அம்மான் சில்லுகளைக் கிணற்று நீராற் கழுவினாலும், இறுதியாக அலசுவதற்கு மழை நீரைத் தனியே ஒரு பீப்பாவிற் பிடித்து வைத்திருப்பார். துணி புகாத இடங்களிலுள்ள நீரைச் சைக்கிள் பம்பினாற் காற்றடித்து வெளியேற்றுவார். சிறு துருப்புள்ளிகளைக் கண்டால் தேயிலைப் பெட்டியின் உட்புறத்தே இட்டிருக்கும் அலுமினியத் தாளிலே ஒரு துண்டு கிழித்து, நீரில் நனைத்து, மெல்ல உரசுவார். துரு கரைந்தாற்போல் அகன்றுவிடும். அலுமினியம் மென்மையானது, குரோமியமோ மிகக் கடினமானது. ஆதலால் தாள் துருவைத் தேய்க்குமேயன்றிப் பூச்சைக் கீறாது. தொழிற்சாலையிலே எவரிடமோ கண்டு பழகிய அவ்வழக்கத்தின் காரணத்தை நாம் பல்கலைக்கழகத்திலே படித்தபின் அவருக்கு விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் செய்தது சரிதானே?" என்று மட்டும் கேட்டார்.

1990ஆம் ஆண்டிலே வடக்குக்கான பொருள்களுக்குத் தடை வந்தது. பெற்றோல் மருந்துக்கும் கிடையாதாயிற்று. எமது ஊர் வீதிகளில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெய் குடிக்கப் பழகிக்கொண்டன. சிறு போத்தலிலே பெற்றோலைச் சில துளிகள் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓட்டிச் செல்லும் வித்தையை அக்காலத்தவர் நன்கறிவர். அம்மானின் காரோ அமுக்க விகிதம் கூடிய இயந்திரமுடையது. மண்ணெண்ணெயிட்டால் உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோற் சத்தமிட்டுத் தன்னைத் தானே கெடுத்துக்கொள்ளும். ஆதலால் அம்மான் அதனைக் கட்டைகளின் மேல் ஏற்றினார். ஐந்து சில்லுகளையும் கழற்றி, எஞ்சியிருந்த கிறீஸை நன்கு பூசி, சணற் சாக்குகளாற் சுற்றி, கொட்டிலின் பரணிலே கட்டித் தூக்கினார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி மாலையிலே ஊரே எழுந்து நடந்தது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிச் சென்ற அச்சனத்திரளிலே அம்மான் மாமியைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். எமக்கு அப்போது 15 வயது. வளவின் படலையைச் சாத்தியபோது அவர் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பரணை மாத்திரம் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த ஆண்டு சித்திரையின்பின் நாம் திரும்பி வந்தபோது காரின் இருக்கைகளும் விளக்குகளும் கண்ணாடியும் இல்லை. பரணிலே ஐந்துக்கு நான்கு சில்லுகள் சாக்குடனேயே தொங்கின. அம்மான் சாக்கை அவிழ்த்தார். வெளிப்புறம் ஓரளவு பளபளத்தது. ஆனால், சாக்கு எங்கெங்கே இறுகப் படிந்திருந்ததோ அங்கெல்லாம், சிறப்பாகக் கம்பிகள் குடத்தைச் சேரும் இடங்களில், செம்புள்ளிகள். மழைக்காலத்து ஈரத்தைச் சணல் உறிஞ்சி ஆறு வருடங்களாக உலோகத்தோடு அணைத்துப் பிடித்திருந்தது. "காப்பாத்தத்தான் சுத்தினனான். அதுவே கெடுத்துப்போட்டுது," என்றார் அம்மான்.

2002ஆம் ஆண்டிலே போர் நிறுத்தம் வந்து, ஏ-9 வீதி திறந்தது. இலண்டனிலிருந்த அம்மானின் மகன் உதிரிப் பாகங்களை அனுப்பலானார். ஒன்றரை ஆண்டு உழைப்பின்பின் கார் மீண்டும் மூச்சுவிட்டது. அவ்வேளையிலே எமது தங்கைக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. 2003ஆம் ஆண்டு ஆவணி மாதம். மணமகளைத் தம் காரில் தாமே மண்டபத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும் என்பது அம்மானின் ஆசை. தாய்மாமனின் உரிமையை யார் மறுப்பர்? வாரத்துக்கு ஒரு சில்லாக அவர் துருவைத் துடைத்து வந்தார். வலப்பக்கத்துச் சில்லுகள் இரண்டும் முடிந்தன. இடப்பக்கத்தவை இரண்டும் எஞ்சியிருக்கத் திருமணத்துக்கு முதல் நாளும் வந்துவிட்டது. "மிச்சம் கலியாணம் முடியப் பாப்பம். துரு எண்டாலும் கம்பி பலமாய்த்தான் இருக்கு," என்று கூறிவிட்டு அம்மான் மண்டபத்து வேலைகளைக் கவனிக்கச் சென்றார்.

அப்போது எமக்கு 23 வயது. பல்கலைக்கழகத்திலே இரசாயனவியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்றுகொண்டிருந்தோம். படம் பிடிப்பவர் இடப்பக்கமாக நின்றால் துரு தெரியுமே என்ற கவலை எம்மைப் பற்றியது. வீதி திறந்தபின் கடைகளுக்கு வந்திருந்த பொருள்களுள் கழிப்பறை கழுவும் அமிலமும் ஒன்று. வீட்டிலே ஒரு போத்தல் இருந்தது. அதனுள் இருப்பது ஐதரோக்குளோரிக் அமிலம் என்பதை அறிவோம். துரு அதிற் கரையும் என்பதையும் அறிவோம். சமன்பாட்டைக் கூட எழுதிக் காட்டியிருப்போம். தூரிகையால் இரண்டு சில்லுகளுக்கும் தடவினோம். நுரைத்தது. துரு மாயம்போல் மறைந்தது. இரண்டு வாளி நீர் ஊற்றிவிட்டு, எமது அறிவை நாமே மெச்சிக்கொண்டு உள்ளே சென்றோம்.

நாம் செய்தது என்ன என்பதை இங்கே சற்று விளக்க வேண்டும். 1797இல் வோக்லன் என்னும் பிரெஞ்சு அறிஞர் குரோமியத்தைக் கண்டறிந்தார். அதனை மின்னினாற் பூசும் முறை தொழிலாக வளர்ந்தது 1920களிலேயே. நாம் குரோமியம் என்று கண்டு மகிழும் அப்பூச்சு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்புக்கூட இல்லாதது. அதன் கீழே அதனினும் பன்மடங்கு தடித்த நிக்கற் படை. அதன் கீழே உருக்கு. குரோமியத்தின் மேற்புறத்தே காற்றிலுள்ள ஒட்சிசனாற் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் ஒன்று தானே உண்டாகி அதனைக் காக்கின்றது. அப்படலத்துக்குப் பகை குளோரைட்டு. கடலுப்பிலே இருப்பதும் அதுவே. நாம் தடவிய அமிலத்தில் இருப்பதும் அதுவே. கடற் காற்று அணுகாதபடி அம்மான் இருபது முப்பது ஆண்டுகளாக அச்சில்லுகளைக் காத்தார். நாமோ கடலிலும் கொடியதைப் போத்தலில் எடுத்துச் சென்று தடவினோம். பூச்சுக் கரைந்த இடங்களில் நிக்கலின் மஞ்சட் சாயல் வெளிப்பட்டது. இரவு வெளிச்சத்திலே அதுவும் எமக்கு அழகாகவே தோன்றிற்று.

அதனினும் பெரிய கேடு உள்ளே நிகழ்ந்தது. அமிலம் உருக்கைத் தாக்கும்போது ஐதரசன் பிறக்கின்றது. அது முழுவதும் குமிழியாக வெளியேறுவதில்லை. ஒரு பகுதி அணு நிலையிலேயே உருக்கினுள் நுழைந்து, அதன் வளைந்து கொடுக்கும் தன்மையைக் கெடுத்து, கண்ணாடிபோல் நொறுங்கச் செய்கின்றது. கடினமான உருக்கு, இறுக இழுக்கப்பட்ட நிலை, ஏற்கெனவே உள்ள துருக்குழி ஆகிய மூன்றும் சேர்ந்தால் முறிவு உடனே நிகழாது. சில மணி நேரம் கழித்து, எவரும் தொடாதபோதே நிகழும். பூச்சு வேலை செய்யும் தொழிற்சாலைகளிலே அத்தகைய உருக்குப் பொருள்களைப் பூசி முடித்ததும் ஏறக்குறைய 200 பாகை வெப்பத்திலே பல மணி நேரம் சுட்டு எடுப்பது அந்த ஐதரசனை வெளியேற்றுவதற்காகவே. இதுவும் எமது பாடக்குறிப்பிலே இருந்தது. பரீட்சைக்காக அதனை மனனஞ் செய்திருந்தோம்.

நள்ளிரவு கடந்திருக்கும். திருமண வீட்டின் சந்தடி அடங்கிவிட்டது. கொட்டிற் பக்கமிருந்து வீணையின் நரம்பு அறுந்தாற்போல் ஓர் ஓசை. சற்று நேரத்தின்பின் இன்னொன்று. நாம் விழித்திருந்தோம், இரண்டையும் கேட்டோம். அவ்வோசை யாதென எமது அறிவு உடனே உரைத்தது. எழுந்து சென்று அம்மானிடம் கூறியிருக்க வேண்டும். கூறவில்லை. எலி எதையோ தட்டிவிட்டது என்று எம்மை நாமே ஏமாற்றிக்கொண்டு போர்வையை இழுத்து மூடினோம். வாசகர்களே, அமிலம் தடவியது அறியாமை. அதற்கு வெட்கம் உண்டு. ஆனால், இருபது ஆண்டுகளாக எம்மை வருத்துவது அந்தப் போர்வைதான்.

நல்லவேளையாக அவ்வோசையைக் கேட்ட இன்னொருவரும் இருந்தார். தம் வீட்டு விறாந்தையிலே படுத்திருந்த அம்மான் மூன்றாவது ஓசைக்கு எழுந்து, ரோச்சு விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குச் சென்றார். விடியுமட்டும் அங்கேயே இருந்தார். முன் இடச்சில்லிலே ஏழு கம்பிகளும் பின் இடச்சில்லிலே நான்கு கம்பிகளும் முறிந்திருந்தன. எஞ்சியவை முறியா என்று யார் சொல்வது? காலையிலே எவரிடமும் எதுவும் கூறாமல், அயலவர் ஒருவரின் ஒஸ்ரின் கேம்பிரிச் காரை அழைத்து வந்து வாசலில் நிறுத்தினார். தங்கை அதிலே சென்றாள். அம்மான் சாரதியின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து சென்றார்.

திருமணத்துக்கு மறுநாள், முறிந்த கம்பித்துண்டு ஒன்றை அவர் எமது உள்ளங்கையில் வைத்தார். அமிலப் போத்தலைக் கொட்டிலின் மூலையில் நாமே விட்டு வந்திருந்தோம். ஆதலால் அவர் அறியவேண்டியது எதுவும் இல்லை. நாம் அழுதவாறே எல்லாவற்றையும் சொன்னோம், ஓசையைக் கேட்டும் வராததையுங்கூட. அவர் சினக்கவில்லை. நீண்ட நேரம் பேசாமலிருந்து, "கம்பி ராத்திரியே சொல்லிப்போட்டுது, தம்பி. அது நல்ல கம்பி. நீயும் சொல்லியிருக்கலாம்," என்றார். அவ்வளவே. பின்னர் அவர் சாகுமட்டும் அதைப்பற்றிப் பேசியதில்லை.

இரண்டு சில்லுகளின் கம்பிகளையும் முற்றாக மாற்ற வேண்டியதாயிற்று. துருவுறா உருக்காலான கம்பிகளை மகன் இலண்டனிலிருந்து அனுப்பினார். அவற்றைக் கோத்து, சில்லு ஆடாது சுழலும்படி நேராக்கித் தந்தவர் எமது சந்தியிலே சைக்கிள் கடை வைத்திருந்த முதியவர். கார்ச் சில்லை அவர் அதற்கு முன் தொட்டதில்லை. ஆயினும், "எல்லாம் ஒரே கணக்குத்தான்," என்று தொடங்கி மூன்று நாளில் முடித்தார். வெளிவளையங்களை மீண்டும் பூசுவிக்கலாம் என்றோம். அம்மான் உடன்படவில்லை. அமிலம் தின்ற மஞ்சட் தழும்பு முன் இடச்சில்லின் வளையத்திலே இன்றும் உண்டு.

அம்மான் 2017இலே காலமானார். கார் எம்மிடம் வந்தது. கம்பிச் சில்லுடைய காரோ, சைக்கிளோ வைத்திருப்போர்க்கு அவர் காட்டிய முறையைச் சுருக்கமாகச் சொல்கின்றோம். நிழலிலே, சில்லு குளிர்ந்திருக்கும்போது தொடங்குக. முதலில் நிறைய நீர் ஊற்றி மணலை அகற்றுக. மணலோடு துடைத்தால் துணியே அரமாகும். மென்மையான சவர்க்கார நீரில் பழைய பற்றூரிகையை நனைத்து, ஒரு கம்பியின் அடியிலிருந்து முனைவரை கழுவிய பின்னரே அடுத்த கம்பிக்குச் செல்க. சில்லுக்குப் பயன்படுத்திய வாளியையும் துணியையும் காரின் உடலுக்குப் பயன்படுத்தற்க. அமிலம், சலவைத் தூள், சாம்பல், இரும்புச் சுருள் ஆகியவற்றை அணுகவிடற்க. மழை நீரால் அலசி, துணியாலும் காற்றாலும் முற்றாக உலர்த்துக. பின்னர் தரமான மெழுகை மிக மெல்லியதாகப் பூசித் துடைத்துவிடுக. கார்களுக்கான உயர்ந்த மெழுகுகள் பலவற்றிலே பிரேசில் நாட்டுக் கார்னோபா என்னும் பனையின் ஓலையிலிருந்து எடுக்கப்படும் மெழுகு சேர்கின்றது. பனையை நம்பி வாழ்ந்த எமக்கு அது ஒரு வகையில் உறவுப் பொருளே. தேங்காயெண்ணெய் பூசுவோர் உளர். அது பளபளக்கும், ஆனால் தூசியைச் சேர்த்துப் பிடிக்கும். நெடுநாள் கழற்றி வைப்பதாயின் வாசலினோ கிறீஸோ பூசி, காற்றோட்டமுள்ள இடத்திலே தொங்கவிடுக, சாக்காற் சுற்றற்க. ரயரை மாற்றும் வேளையிலே வளையத்தின் உட்புறத்தையும் பார்க்கத் தவறற்க. கம்பி முனைகளின் துளைவழியே நீர் உட்சென்று, வெளியே ஒளிரும் சில்லை உள்ளிருந்து அரிப்பதுண்டு. முனைகள் ரியூப்பைக் குத்தாதபடி இடும் பட்டியும் சீராக இருத்தல் வேண்டும்.

இறுதியான வேலை ஒன்று உண்டு. அதுவே அம்மானின் நலம் விசாரிப்பு. சில்லைத் தூக்கி நிறுத்தி, கரண்டிக் காம்பினால் ஒவ்வொரு கம்பியையும் மெல்லத் தட்டிக் கேட்க வேண்டும். இறுக்கமுள்ள கம்பி கணீரென ஒலிக்கும். தளர்ந்ததும் வெடித்ததும் மந்தமாக ஒலிக்கும். கண் காணாததைச் செவி காணும்.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை எமது மாணவர் சிலர் இவ்வேலைக்கு உதவியாக வருகின்றனர். பரீட்சையிலே முதன்மை பெறுவோரும் வருகின்றனர். வகுப்பிலே வாய் திறவாதோரும் வருகின்றனர். சென்ற மாதம் நாம் தட்டிக்கொண்டு வந்தோம். பின் வலச்சில்லிலே ஏறக்குறைய முப்பது கம்பிகள் தாண்டியாயிற்று. எமது செவிக்கு எல்லாம் ஒன்றுபோலவே ஒலித்தன. நாற்பதைத் தாண்டி வயது நடக்கின்றதன்றோ! பின்னாலே நின்ற பையன் ஒருவன், வகுப்பிலே கேள்வி கேட்டால் நிலத்தைப் பார்ப்பவன், "சேர், கொஞ்சம் நில்லுங்கோ. முந்தித் தட்டினது சரியில்லை," என்றான். மற்றவர்கள் சிரித்தனர். நாம் திரும்பவும் தட்டினோம். எமக்கு வேறுபாடு தெரியவில்லை. அவன் முகம் சிவந்தது; ஆயினும் சொன்னதை மாற்றவில்லை. கைவிளக்கைக் கொண்டுவரச் செய்து குடத்தருகே பார்த்தோம். கம்பி வளையும் இடத்திலே மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு.

அம்மான் இருந்திருந்தால் அப்பையனைத் தம் பலகைக்கட்டையிலே பக்கத்தில் இருத்தியிருப்பார். நாம் கரண்டியை அவனிடம் கொடுத்துவிட்டு, எஞ்சிய கம்பிகளை அவனையே தட்டிக் கேட்கும்படி சொன்னோம்.